அன்ரனா திரும்பிய திசைகள்

1982 பெப்ரவரியில் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கிய பிறகுதான் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கைக்கு முதல் ரீவி வந்தது. உயர்ந்த இரும்புக் குழாயின் உச்சியில் அன்ரனா. தெற்கே திருப்பினால் கொக்காவில் கோபுரம் வழியாக ரூபவாஹினி; வடக்கே திருப்பினால், காலநிலை ஒத்துவந்தால், கடல் கடந்து சென்னைத் தூரதர்ஷன். வெள்ளிக்கிழமைகளில் அதில் வரும் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி 'ஒளியும் ஒலியும்' பார்க்க விறாந்தை நிறைந்து முற்றம் வரை சனம் இருக்கும். "தம்பி, இன்னும் கொஞ்சம் திருப்பு... நில், நில், ஆட்டாதை!" என்று உள்ளேயிருந்து ஒருவர் கத்துவார். வெளியில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்குப் பாட்டு மட்டுந்தான் கேட்கும்.

வந்ததெல்லாம் சென்னையின் மேடையும் கொழும்பின் மேடையும். கோயில் திருவிழாக்களில் நாங்கள் விடிய விடிய இருந்து பார்த்த சின்னமணியின் வில்லிசையும் கண்ணன் இசைக்கோஷ்டியும் இந்தப் பெட்டிக்குள் எப்போது வரும் என்று ஏங்கினோம். போரின் நடுவே, விடுதலைப் புலிகள் நடத்திய நிதர்சனம் தொலைக்காட்சி யாழ்ப்பாணத்திலிருந்தே ஒளிபரப்பானது. அது ஓர் இயக்கத்தின் குரல் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் வீதியும் எங்கள் பேச்சும் திரையில் வந்தபோது, அதுவரை ரீவிப் பக்கமே வராத ஆச்சிமாரும் முன்னால் வந்து குந்தினார்கள். 1987 ஒக்டோபரில் புலிகளுக்கும் இந்தியப் படைக்கும் போர் மூண்டதும் அதுவும் நின்றது.

இந்தியப் படை போன பிறகு, 1990 ஜூனில் இலங்கை இராணுவத்தோடு மறுபடியும் போர். மின்சாரம் போனது. கொக்காவில் இராணுவ முகாம் வீழ்ந்தது, கோபுரமும் அழிந்தது. பற்றரி, மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, துளி எண்ணெயில் விளக்கெரித்துப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடியது. ரீவி மூலையில் பழஞ்சேலை போர்த்திக் கிடந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கிவர ஊரே எழும்பி நடந்தபோது, அதைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் கை இருக்கவில்லை. அலுமாரிகளில் இருந்த வீடியோ கசெற்றுகளும் வீடுகளோடு போயின.

கொக்காவிலில் 2011இல் புதிய கோபுரம் எழும்பிவிட்டது. போன பதிவுகளை அப்படி எழுப்ப முடியாது. கனடாவிலோ லண்டனிலோ, ஊரிலோ, அந்தக் காலத்துக் கசெற் ஒன்று உங்கள் வீட்டில் கிடந்தால், பூஞ்சணம் பிடித்து அழிய முன்னம் கணினியில் ஏற்றி, எங்கள் ஆவணங்களை எண்ணிம வடிவில் பாதுகாக்கும் நூலகம் நிறுவனத்திடம் கொடுங்கள். கலியாண வீட்டு வீடியோ என்றாலும் பரவாயில்லை. அதிலும் எங்கள் ஊர் இருக்கும்.