மாதம் ஓர் இலட்சம்

படிப்பை முடித்த மகள், கொழும்புக்குப் போகாமல் மாத்தளையில் வீட்டிலிருந்தபடியே இணையத்தளங்கள் வடிவமைத்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். எனக்குத் தடையில்லை. அவள் மேசைக்கு மேல் ஒட்டியிருந்த தாள்தான் உறுத்தியது: 'மாதம் ஓர் இலட்சம்.'

"இது ஆசை மகள், இலக்கில்ல" என்றேன்.

"அப்ப என்னத்த எழுதுற, உம்மா?"

கையில் உள்ளதை எழுதச் சொன்னேன். அடுத்தவர் தரும் பணம் நம் கையில் இல்லை. எத்தனை பேரைப் போய்ப் பார்க்கிறோம் என்பது இருக்கிறது. தம்புள்ளை வீதியோரம் வாசனைத் திரவியத் தோட்டங்கள், சீகிரியப் பக்கம் அறை வாடகைக்கு விடும் வீடுகள். ஆனால் உல்லாசப் பயணிகளை மட்டும் நம்பவும் முடியாது. 2018 இல் 23 இலட்சம் பேர் வந்த நாட்டுக்கு 2021 இல் இரண்டு இலட்சம் பேர்கூட வரவில்லை. 2024 இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. ஆகவே நகரத்துக் கடைகளும் வேண்டும்.

புதிய தாளில் எழுதினாள்: வாரம் ஐந்து பேரைச் சந்திப்பது. மூன்று மாதத்தில் மூன்று தளங்கள். பாதிப் பணம் வராமல் வேலை தொடங்குவதில்லை.

கடைசியானதுதான் கடினம், சகோதரிகளே. உறவுக்கு விலையைக் குறைக்கலாம். இலவசமென்றால் தொழில் எங்கே? முதலில் வந்ததே என் தம்பி. "நம்ம பிள்ளதானே" என்று சிரித்தான்.

"பாதி இப்ப தாங்க, மாமா" என்றாள் மகள்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் தேநீர் ஊற்றக் குசினிக்குப் போய்விட்டேன்.