என் செவியும் சில இயர்போன்களும்

உங்கள் வீட்டு மேசை இழுப்பறையைச் சற்றுத் திறந்து பாருங்கள். துருப்பிடித்த சாவிகள், தீர்ந்துபோன பேட்டரிகள், எந்தக் கைப்பேசிக்கும் பொருந்தாத சார்ஜர்கள் ஆகியவற்றினிடையே சிக்குண்ட கம்பியோடு இரண்டு இயர்போன்களாவது கிடக்கும். ஒன்றில் இடப்பக்கம் கேட்காது. மற்றொன்றின் ரப்பர் தொலைந்திருக்கும். தூக்கி எறியவும் மனம் வராது; எடுத்து மாட்டவும் மனம் வராது. அந்த அற்பப் பொருளைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன்.

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். என் துணைவியாரும் அதைத்தான் கேட்டார். ஒன்றரை மாத காலத்திற்குள் ஆறு இயர்போன்களை வாங்கி, அவற்றைப் பிரித்தும் ஒட்டியும் கொண்டிருந்த கணவரிடம் எந்த மனைவிதான் கேட்க மாட்டார்?

எங்கள் மாணவர்கள் வீட்டில் பாடத்தைத் திருப்பிப் பார்க்கும்போது, பெரிய காரிகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகுவது வழக்கம். எகிப்து நாட்டின் ஷெய்கு மஹ்மூது கலீல் அல்ஹுஸரீ அவர்கள் 1961ஆம் ஆண்டு குர்ஆன் முழுவதையும் தர்த்தீலாக ஓதிப் பதிவு செய்தார்கள். எழுத்துகளின் பிறப்பிடம் இத்துணைத் துலக்கமாக விளங்கும் ஓதல் மிகச் சிலவே. ஆனால் ஓதியவர் எவ்வளவு பெரியவராயினும், நம் பிள்ளையின் காதில் அதைக் கொண்டுவந்து சேர்ப்பது பேருந்து நிலைய நடைபாதையில் 150 ரூபாய்க்கு வாங்கிய இயர்போன்தான்.

சென்ற ஆண்டு என்னிடம் 12 வயது மாணவன் ஒருவன் ஓதிக்கொண்டிருந்தான். பெயர் வேண்டாம். அமைதியானவன். மூன்று புள்ளி வைத்த ‘ஃதா’ எழுத்து வரும் இடமெல்லாம் அவன் ‘ஸீன்’ என்று ஓதுவதாக எனக்குப் பட்டது. புதிதாக ஓதவரும் பிள்ளைகள் பெரும்பாலும் செய்யும் பிழைதான் அது. திருத்தினேன். மறுபடியும் அப்படியே ஓதினான். ஒரு மாதம் நாள்தோறும் திருத்தினேன். ஒருநாள் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். “நீ காது கொடுத்துக் கேட்பதில்லை.” அவன் தலைகுனிந்து நின்றான். கிதாபின் மேல் ஒரு துளி விழுந்ததைப் பார்த்தும் பாராதவன்போல் அடுத்த மாணவனை அழைத்தேன்.

மறுநாள் மனம் கேளாமல், “வீட்டில் எதில் கேட்கிறாய்?” என்று விசாரித்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புக் கம்பி இயர்போனை எடுத்துத் தந்தான். என் காதில் மாட்டிப் பார்த்தேன். பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ ஓதுவதுபோல் இருந்தது. குரலின் அடிப்பகுதி மட்டும் ‘கும்’மென்று அதிர்ந்தது, எழுத்துகள் ஒன்றோடொன்று குழைந்து கிடந்தன. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று மகிழ்ந்தேன். அன்று மாலையே கடைத்தெருவுக்குப் புறப்பட்டேன்.

இதில் உள்ள நுட்பம் சுவையானது. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். நம் காதுக் குழாய் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய சிறு குழல். புல்லாங்குழலுக்குள் காற்று அதிர்வதுபோல, வினாடிக்குச் சுமார் 3,000 அதிர்வுகள் கொண்ட ஒலியை அது தானாகவே உரக்கக் காட்டும். பேச்சின் தெளிவுக்கு இது பெருந்துணை. இயர்போனைச் செருகிக் குழாயின் வாயை அடைத்ததும் இந்த இயற்கை உதவி குலைந்துபோகிறது. ஆகவே நல்ல இயர்போனைச் செய்பவர் அந்த இடத்தில் ஒலியைத் தாமே சற்று உயர்த்தித் தரவேண்டும். மலிவாகச் செய்பவர்கள் பலர் அதை விட்டுவிட்டு, கடையில் கேட்டவுடன் மயக்கும் அடித்தொனியை மட்டும் ஏற்றிவிடுகிறார்கள். ‘ஸீன்’ போன்ற எழுத்துகளின் சீறல் பெரும்பாலும் 4,000 அதிர்வுக்கு மேலே இருக்கிறது. ‘ஸாத்’தின் கனமோ அதையடுத்து வரும் உயிரொலியில் தெரிய வேண்டியது. அடித்தொனி மிகுந்தால் பின்னது மூழ்கும். மேல்தொனி குறைந்தால் முன்னது மங்கும்.

திருநெல்வேலியில் நான்கும், தபாலில் இரண்டுமாக ஆறு சேர்ந்தன. மிகக் குறைந்தது 150 ரூபாய். மிகக் கூடியது 2,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. பேட்டரியும் புளூடூத்தும் உள்ளவற்றை நான் தொடவில்லை. அதே பணத்தில் கம்பி உள்ளவற்றில் ஒலிக்கே முழுச் செலவும் போகிறது என்பது என் கணக்கு. இப்போது சில சீன நிறுவனங்கள் வியக்கத்தக்க மலிவில் நல்ல கருவிகளைத் தருகின்றன. மூன்டிராப் நிறுவனத்தின் ‘சூ 2’ என்பதில் கம்பியையும் கழற்றி மாற்றலாம். முனைக் குழலையும் திருகிக் கழற்றலாம். காதுக் குழாயை அடைத்து உட்செல்லும் எட்டிமோட்டிக் ‘ஈஆர்-4’ அமெரிக்காவில் 1991இல் வெளிவந்தபோது, அந்த வகைக் கருவி சாமானியர் கைக்கு எட்டாத பொருளாக இருந்தது.

ஒப்பிடும் முறையில் நான் முதலில் ஏமாந்தேன். எது உரக்கக் கேட்கிறதோ அது நல்லது என்று மனம் சொல்லிவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் ஒரே அளவு உரப்புக்குக் கொண்டுவந்து, ஒரே பதிவின் ஒரே இரண்டு நிமிடங்களைக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன், என் மகள் ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். விலை தெரிந்தால் காது விலைக்குத் தக்கபடி கேட்கும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இரண்டாமிடத்தை நான் தந்த கருவி 350 ரூபாயுடையது என்று அவள் சொன்னபோது இருவரும் சிரித்தோம்.

ஆனால் விலையைவிடப் பெரிய வேறுபாட்டைச் செய்தது ஒரு துண்டு ரப்பர். பெட்டிக்குள் சிறிது, நடு, பெரிது என்று மூன்று அளவு ரப்பர் முனைகள் இருக்கும். நாமெல்லாம் மாட்டிவந்ததை அப்படியே பயன்படுத்துகிறோம். அது காதுக் குழாயோடு இறுகப் பொருந்தாவிட்டால் அடித்தொனி முழுவதும் கசிந்துவிடும். வெளி இரைச்சல் உள்ளே வரும். நாமோ உரப்பைக் கூட்டுவோம். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பதுமில்லை. எனக்கு வலக்காதுக்குப் பெரியது. இடக்காதுக்கு நடு அளவு. உங்கள் வீட்டில் யாராவது “இந்த இயர்போன் சரியில்லை” என்று சொன்னால் முதலில் ரப்பரை மாற்றிப் பாருங்கள். இரண்டாவதாக முனையிலுள்ள வலையைப் பாருங்கள். “ஒரு பக்கம் கேட்கவில்லை” என்று ஒதுக்கிய இயர்போன்களில் பல, காதழுக்கு அடைத்தவைதாம். முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து, காய்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்தால் போதும். தண்ணீர் படக்கூடாது.

பிறகுதான் கை துறுதுறுத்தது. இயர்போனின் உடலில் ஊசிமுனை அளவில் துளைகள் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? உள்ளே அதிரும் சவ்வுக்குக் காற்று போய்வர விட்ட வழி அது. சவ்வின் பின்புறத் துளையைப் பாதி மூடினால் சவ்வின் அசைவு இறுகி அடித்தொனி குறையும். முன்புறத் துளையை மூடினால் பெரும்பாலும் அது கூடும். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட இடத்தில் ஒட்டுவார்களே, காற்று ஊடுருவும் காகிதப் பட்டை, அதில் கடுகளவு வெட்டி ஒட்டினேன். மாணவனின் சிவப்புக் கம்பி இயர்போன் ஒரே நாளில் பானையை விட்டு வெளியே வந்தது. முனைக் குழலில் பஞ்சுபோன்ற நுரைத் துண்டை வைத்தால் கூர்மையான மேல்தொனி தணியும், எடுத்தால் கூடும். எல்லாம் பிடிக்காவிட்டால் பிரித்துவிடக்கூடிய மாற்றங்களே. பிரிக்க முடியாத ஒன்றையும் செய்தேன்: நொடியில் ஒட்டும் பசையை ஒரு துளி விட்டேன். அது உள்ளே ஒழுகிச் சவ்வோடு ஒட்டிக்கொண்டது. 600 ரூபாய். துணைவியாரிடம் இன்றுவரை சொல்லவில்லை; இந்த இதழ் வந்தால் தெரிந்துகொள்வார்.

இறுதியில் 350 ரூபாய் இயர்போனிலிருந்து நுரைத் துண்டை நீக்கி, பின்துளையைப் பாதி மூடி, ரப்பரை மாற்றி, ‘இதோ எழுத்துக்கு எழுத்து தெரிகிறது’ என்ற பெருமிதத்தோடு மதரஸாவுக்குக் கொண்டுபோனேன். மூன்று மாணவர்களைக் கேட்கச் சொன்னேன். முதலாமவன் மாட்டிய உடனே முகத்தைச் சுளித்தான். “ஹஜ்ரத், ‘ஸ்’ஸு வர்ற இடமெல்லாம் காதுல குத்துது.” அடுத்தவனும் அதையே சொன்னான். மூன்றாமவன் மரியாதைக்காக “நல்லாருக்கு ஹஜ்ரத்” என்றான். ஆனால் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அது சிறிதும் குத்தவில்லையே!

அன்றிரவு கைப்பேசியில் ஒவ்வொரு அதிர்வுக்கும் உரிய ஒற்றை ஒலியை எழுப்பும் வசதியைக் கண்டெடுத்தேன். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கேட்கும்வரை இருவரும் கையை உயர்த்தியிருப்பது என்று ஏற்பாடு. 8,000 வரை இருவர் கையும் மேலே இருந்தன. 10,000 என்றபோது என் கை இறங்கியது. அவள் கை 16,000 தாண்டியும் இறங்கவில்லை. வயதானால் இது இயல்பு என்று எனக்குத் தெரியும். பயமுறுத்தியது வேறொன்று. 4,000 அதிர்வில் அவளுக்குத் தெளிவாகக் கேட்ட ஒலியை நான் கேட்க உரப்பைப் பலமுறை கூட்டவேண்டியிருந்தது. “வாப்பா, இது கேக்கலயா? வெளையாடாதீங்க” என்றாள்.

மறுவாரம் செவிச் சோதனைக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்த அம்மையார் வரைபடத்தை என் முன் வைத்தார். கோடு நேராக வந்து, 4,000இல் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் இறங்கி, பிறகு சற்று ஏறியது. வலக்காதில் 50 டெசிபல், இடக்காதில் 40. 20 அல்லது 25க்குள் இருக்கவேண்டியது. “சத்தம் அதிகமான ஆலையில் வேலை பார்த்தீர்களா?” என்று கேட்டார். “ஓதிக்கொடுக்கிறேன்” என்றேன். சற்று யோசித்து, “ஹெட்போன்?” என்றார்.

1998இல் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்தபோது, வளைகுடாவிலிருந்து வந்த மாமா ஒரு வாக்மேன் தந்தார். அன்று தொடங்கியது. பின்னர் பத்தாண்டுகள் மேலப்பாளையத்திலிருந்து அம்பாசமுத்திரத்திற்குப் பேருந்தில் போய்வந்தேன். போக ஒரு மணி, வர ஒரு மணி. எஞ்சின் இரைச்சலை மிஞ்ச வேண்டுமென்று, காதோடு பொருந்தாத இயர்போனில் உரப்பைக் கடைசிவரை ஏற்றிவைத்து, ஓதலையும் சொற்பொழிவுகளையும் கேட்டுக்கொண்டே போனேன். நேரத்தை வீணாக்கவில்லை என்ற திருப்தி வேறு! உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட வரையறைப்படி, 80 டெசிபல் ஒலியைப் பெரியவர்கள் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம், பிள்ளைகளுக்கு 75தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 என்றால் வாரம் 4 மணி நேரமே. நான் கேட்டது வாரம் 12 மணி நேரம். எத்தனை டெசிபல் என்று எண்ண இப்போது அச்சமாக இருக்கிறது. உட்செவியில் அழிந்த மயிரிழை அணுக்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. நல்ல பதிவா, கெட்ட பாட்டா என்று அவை பார்ப்பதுமில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பையனின் முகமே நின்றது. ‘ஃதா’வும் ‘ஸீனு’ம் வேறுபடும் இடம் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றுபோல் காதில் விழும்போது, மனம் தான் எதிர்பார்த்ததை இட்டு நிரப்பிக்கொள்கிறது. சிறுவர் செய்யும் பிழையை எதிர்பார்த்தேன், அதையே கேட்டேன். அடுத்த நாள் எங்கள் மதரஸாவின் இளம் உஸ்தாதை அழைத்து, காரணம் சொல்லாமல் அவனை ஓதச் சொன்னேன். ஓதி முடித்ததும் அவர், “மக்ரஜ் நன்றாக வருகிறதே. யார் சொல்லிக்கொடுத்தது?” என்றார். பையன் என்னைப் பார்த்தான். “உம்மா” என்றான். அவனுடைய தாயார் பெண்கள் மதரஸாவில் ஓதிப் பட்டம் பெற்றவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அதனால்தான் நான் திருத்தியும் அவன் மாறவில்லை. 150 ரூபாய் இயர்போன் அவனை ஒன்றும் செய்திருக்கவில்லை.

எல்லா மாணவர்களுக்கும் முன்பாகக் கடிந்துகொண்டேன். எல்லாருக்கும் முன்பாகவே மன்னிப்புக் கேட்டேன். அவன் கூசிப்போய் இளம் உஸ்தாதின் பின்னால் ஒதுங்கினான். அவனைவிட என்னைத் துன்புறுத்துவது மற்றொன்று. இத்தனை ஆண்டுகளில் உண்மையிலேயே பிழையாக ஓதியும், நான் ‘சரி’ என்று அனுப்பியவர்கள் எத்தனை பேரோ! அண்மைய மூன்றாண்டு மாணவர்களை இளம் உஸ்தாத் ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதுவரை நான்கு பேர் அகப்பட்டிருக்கிறார்கள்.

செவிக்கருவி ஒன்றைச் சோதித்துப் பார்க்க வரச்சொல்லியிருக்கிறார்கள். ரமளானுக்குப் பின் இன்ஷா அல்லாஹ் போகவேண்டும். அதுவரை ஒரு வழி கண்டிருக்கிறேன். ‘ஃதா’ சொல்லும்போது நாவின் நுனி மேற்பற்களின் நுனியில் வெளியே தெரியும். ‘ஸீனு’க்கு உள்ளேயே நிற்கும். ஆகையால் ஓதுபவரைச் சன்னலைப் பார்த்து உட்காரவைக்கிறேன். வெளிச்சம் வாயில் விழவேண்டும்.

350 ரூபாய் இயர்போனில் நுரைத் துண்டை மறுபடி வைத்து, அந்தப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். பாதி உரப்புக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. அவன் சன்னலோரம் உட்கார்ந்து, ‘ஃதா’ வரும் இடத்தில் மட்டும் ஓதுவதை நிறுத்தி, நாவை வேண்டுமென்றே சற்று அதிகமாக நீட்டிக் காட்டிக் கேட்கிறான்: “தெரியுதா ஹஜ்ரத்?”