தேய்ந்துபோன கிரிப்

பைக்கில் எந்தப் பாகம் கெட்டாலும் பெரும்பாலும் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். செயின் லூஸானால் கடகடக்கும். பிரேக் ஷூ தேய்ந்தால் கிரீச்சிடும். சைலன்சரில் ஓட்டை விழுந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். சத்தமே போடாமல் தேய்கிற பாகம் ஒன்று உண்டு. ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் இருக்கிற ரப்பர் கிரிப்தான் அது. தேய்ந்தது கண்ணுக்கும் தெரியாது. ஓட்டும்போதெல்லாம் கைதான் அதை மூடிக்கொண்டிருக்கிறதே!

ஆலங்குளத்தில் ஒரு விவசாயி. அவரிடம் பழைய ஸ்பிளெண்டர் ஒன்று. தக்காளி, கத்தரிக்காய் என்று எது காய்த்தாலும் அந்த வண்டியில்தான் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும். பின்சீட்டில் மூட்டை, டேங்க் மேல் ஒரு பை. வண்டி வாங்கிய நாளிலிருந்து கிரிப்பை மாற்றியதே இல்லை. புதிதில் அதில் சின்னச் சின்ன வரிகள் இருந்தன. இப்போது வலது பக்கம் உள்ளங்கை அழுத்தும் இடத்திலும், இடது பக்கம் கட்டைவிரல் படும் இடத்திலும் வரியே இல்லை. கல் மாதிரி வழவழவென்று இருக்கும். வெயில் காலத்தில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. ரப்பர் காய்ந்திருந்தால் வழவழப்பாக இருந்தாலும் ஓரளவு பிடிக்கும். பந்தயக் கார்களுக்குக் காய்ந்த தரையில் வரியே இல்லாத மொட்டை டயர் போடுகிறார்கள் அல்லவா, அந்தக் கதைதான். வரிகள் வேண்டியிருப்பது தண்ணீருக்காக. கைக்கும் ரப்பருக்கும் நடுவே ஈரம் மெல்லிய படலமாக நின்றால் பிடிப்பு போய்விடும். வரி இருந்தால் அந்தத் தண்ணீர் ஒதுங்க இடம் கிடைக்கும், மேடான பகுதி மட்டும் கையைத் தொடும். ஆகவே தேய்ந்த கிரிப் தன் குணத்தைக் காட்டுவது மழையில்தான், அல்லது கை வியர்க்கும்போது.

ஆலங்குளத்துக்காரர்களுக்கு இந்தப் பரீட்சை ஆனி, ஆடியில் வரும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கிழக்கே பாயும். ஆலங்குளத்தில் பெரும்பாலும் காற்று மட்டும்தான், மழை தூரத்து மலையில். பாவூர்சத்திரம் தாண்டி மேற்கே போகப் போகச் சாரல் முகத்தில் அடிக்கும். குடை பிடிக்கவும் தோன்றாது, நனையாமல் இருக்கவும் முடியாது, அப்படி ஒரு மழை. கை மட்டும் முழு நேரமும் ஈரம். அதோடு எதிர்காற்று ஆளைப் பின்னால் தள்ள, ஓட்டுகிறவர் தன்னை அறியாமல் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டே போவார்.

அந்த விவசாயியின் மகன் கல்லூரியில் படிக்கிறவன். சீசன் நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனைப் பின்னால் உட்காரவைத்து அதே வண்டியில் குற்றாலம் கிளம்பினான். தென்காசி போய்ச் சேர்வதற்குள் முன்கை வலித்தது. வழுக்குகிற பொருளைப் பிடிக்க கை தானாகவே இறுக்கும், இறுக்கினால் தசை சீக்கிரம் சோர்ந்துபோகும். இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஐந்து விரலும் கிரிப்பை இறுக்கிக்கொண்டிருந்தால் பிரேக் லீவருக்கு விரல் போக நேரமாகும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பிடித்த கை பள்ளத்தில் குலுங்கினால் வண்டியும் சேர்ந்து குதிக்கும்.

தென்காசி தாண்டி குற்றாலம் சாலையில் முன்னால் ஒரு வேன் மெதுவாகப் போனது. அவன் ஓவர்டேக் பண்ண வெளியே எடுத்தான். பாதி வேனைக் கடந்ததும் எதிரே பஸ். வேகமாக முன்னேறிவிடலாம் என்று வலது கையை முழுசாக முறுக்கினான். கிரிப் திரும்பியது. இன்ஜின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

மறுபடி முறுக்கினான், அதே கதை. இரண்டு பிரேக்கையும் பிடித்து, வேனுக்குப் பின்னால் ஒதுங்கினான். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பின்னால் இருந்த நண்பன் வெகுநேரம் பேசவில்லை. அன்றைக்கு ஐந்தருவி வரை போகாமல் மெயின் அருவியோடு திரும்பிவிட்டார்கள்.

"கிரிப் வழுக்குது" என்று பொதுவாகச் சொன்னாலும், அதில் இரண்டு தனித்தனி நோய் இருக்கிறது. ஒன்று, கை கிரிப்பின் மேல் வழுக்குவது. மற்றது, கிரிப்பே கம்பியின் மேல் சுற்றுவது. முதலாவது கையைச் சோர்வாக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. இடது கிரிப் நேராக இரும்புக் குழாயின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். வலது கிரிப் அப்படி இல்லை. குழாயின் மேல் ஒரு பிளாஸ்டிக் குழல், அந்தக் குழலில் ஆக்ஸிலரேட்டர் கேபிள், அந்தக் குழலின் மேல்தான் ரப்பர். ரப்பருக்கும் குழலுக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டால் கை திருப்புவது ரப்பரை மட்டும்தான். குழல் சும்மா இருக்கும். இடது பக்கம் கழன்றாலும் லேசில்லை. பள்ளத்தில் இறங்கும்போது கிரிப் கையோடு வந்துவிட்டால் அப்புறம் பிடிக்க எதுவும் இல்லை.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் கையை வைத்துத் திருகிப் பார்த்தார். காய்ந்திருந்ததால் கிரிப் அசையவே இல்லை.

"உள்ள தண்ணி போயிருக்கும் தம்பி. மழ விட்டுச்சின்னா தானா பிடிச்சிக்கிடும். அதான் ஒங்க அப்பாவுக்குத் தெரியல."

வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது, "ஓடுதுல்லா? பெறவு என்னத்துக்குல மாத்தணும்?" என்றார். ஒன்றிரண்டு லிட்டர் பெட்ரோல் போடுகிற காசில் ஒரு ஜோடி கிரிப் வந்துவிடும். ஆனால் பிரச்சினை காசு இல்லை. வண்டி நின்றால்தான் செலவு என்பது அவர் கணக்கு.

சரி, ரப்பர் ஏன் இப்படி ஆகிறது? 1839ல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி, வெயிலில் உருகாமலும் குளிரில் வெடிக்காமலும் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். இன்றைய கிரிப் எல்லாம் மரத்துப் பாலில் வந்த ரப்பர் இல்லை, செயற்கை ரப்பரும் பிளாஸ்டிக் கலவையும் நிறைய உண்டு. (மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் ரப்பர் தோட்டமாக இருக்கிறது. இந்தப் பக்கம் கிரிப் மாற்ற இவ்வளவு யோசனை!) எதுவானாலும் வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு மேல்தோல் இறுகிப் பளபளப்பாகும். எண்ணெய், டீசல், பெட்ரோல் பட்டால் சாதாரண ரப்பர் ஊதி இளகும். சில மலிவான கிரிப்புகள் பிசுபிசுவென்று கையில் கருப்பாக ஒட்டும். வாட்டர் சர்வீஸில் பளபளப்புக்காக டீசல் அடிப்பதும், டயர் பாலிஷைக் கிரிப்பிலும் சேர்த்துத் தேய்ப்பதும் உண்டு. வண்டி புதுசு மாதிரி மின்னும், கை நிற்காது.

எனவே மாற்றுவதற்கு முன் ஒருமுறை பாத்திரம் தேய்க்கிற சோப்பும் பழைய டூத் பிரஷும் போட்டுக் கழுவிப் பார்ப்பது நல்லது. சில நேரம் தேய்மானமே இருக்காது, பல வருஷத்துத் தலை எண்ணெயும் அழுக்கும்தான். இறுகிய மேல்தோலை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் கொஞ்ச நாள் தாங்கும். சைக்கிள் டியூபை வெட்டி மேலே மாட்டுவது நம் ஊர் வைத்தியம். மோசமில்லை, ஆனால் டியூபுக்குள் இருக்கும் பவுடரைக் கழுவாமல் மாட்டினால் அதுவே சுற்றும். டியூபும் ஈரத்தில் வழுக்கத்தான் செய்யும், பிடியும் பருத்துவிடும். சின்னக் கை உள்ளவர்களுக்கு லீவர் எட்டாது. கடையில் தொங்குகிற ஸ்பாஞ்ச் கவர் சாரல் காலத்துக்கு ஆகவே ஆகாது. தண்ணீரைக் குடித்து ஊறிப்போய்த் தானும் சுற்றும்.

உள்ளே சுற்றுகிற கிரிப்புக்கு இவை எதுவும் பயன்படாது. கழற்றியே ஆக வேண்டும். மெக்கானிக் பழசைப் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுத்தார். உள்ளே செம்மண்ணும் துருவும் சேறாக இருந்தது. துடைத்து, ஸ்பிரிட் போட்டுச் சுத்தம் செய்து, காயவிட்டார். புது ஜோடியில் இரண்டும் ஒன்று இல்லை, வலதுக்குத் துளை பெரிசு. மாற்றி மாட்டினால் இடது பக்கம் லொடலொடக்கும். எண்ணெயோ கிரீஸோ தடவி ஏற்றினால் சுலபமாக ஏறும், அதே சுலபத்தில் கழன்றும் வரும். சிலர் பெட்ரோல் நனைத்து ஏற்றுவார்கள். அது ஆவியாகிவிடும் என்பது உண்மை, தீப்பிடிக்கும் என்பதும் உண்மை. இவர் கிரிப்புக்கான பசை போட்டு ஏற்றினார். "நாளைக்குக் காலைல வந்து எடுத்துக்கோ. இப்ப ஓட்டுனா ஒட்டாது" என்று வண்டியைத் தரவில்லை.

அடுத்த நாள் சாவி கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்தார். வலது கிரிப்பை முழுசாக முறுக்கி, கையை எடுத்தார். 'டப்' என்று தானாகத் திரும்பியது. ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி வைத்து அதையே செய்தார். கிரிப்பைக் கொஞ்சம் அதிகமாக உள்ளே தள்ளிவிட்டால் அதன் விளிம்பு சுவிட்ச் பெட்டியில் உரசும். அப்போது ஆக்ஸிலரேட்டர் திரும்பாமல் நின்றுவிடும். வழுக்குகிற கிரிப்பை விட அது பெரிய வினை. நூல் அளவு இடைவெளி விட்டிருந்தார்.

அப்பாவுக்குப் புது கிரிப் பிடிக்கவில்லை. "கை உறுத்துது" என்று இரண்டு நாள் சொன்னார். பழைய கிரிப் அவர் கைக்கு அளவெடுத்தது போல் தேய்ந்திருந்தது, புதுசுக்கு அவர் கை தெரியாது. மூன்றாம் நாள் மார்க்கெட்டுக்குப் போகும்போது நல்ல சாரல். முழுக்க நனைந்து திரும்பினார். கிரிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் டீக்கடை வாசலில் தெரிந்தவர் ஒருவரின் டிவிஎஸ் எக்ஸெல் நின்றது. டீ கிளாஸை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் அதன் ஆக்ஸிலரேட்டரைத் திருகிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒங்க வண்டில கிரிப்பு சுத்துது, பாக்கலியா?"