பறவை காட்டிய வழி

மனிதன் தன் வசதிக்காக அறிவைப் பல துறைகளாகப் பகுத்துக்கொண்டான். பொருளையும் ஆற்றலையும் ஆராய்வது பௌதிகம். உயிர்களின் தோற்றத்தையும் வாழ்வையும் ஆராய்வது உயிர்நூல். உள்ளம் உணர்ந்ததைச் சொல்லில் வடிப்பது கவிதை. கல்லூரிகளில் இவற்றுக்குத் தனித்தனிக் கட்டடங்கள் உண்டு. ஒரு கட்டடத்தில் பயில்பவர் மற்றொன்றின் படியேறுவது அரிது. ஆயினும், இயற்கை இச் சுவர்களை அறியாது. வானில் பறக்கும் சிறு பறவை ஒன்று இம் மூன்று துறைகளையும் ஒரே கேள்வியின்முன் கொண்டுவந்து நிறுத்தியது. அவ்வரலாறு அறியத்தக்கது.

குளிர் மிகும்போது பறவைகள் பல தாம் பிறந்த நாட்டை விட்டு, வெயிலும் இரையும் உள்ள நாடுகளை நாடிச் செல்கின்றன. பருவம் மாறியதும் திரும்புகின்றன. இதனை வலசை என்பர். தமிழகத்தில் இந்நிகழ்ச்சியைக் கூர்ந்து கண்டவர்கள் பழம்புலவர்கள். பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார், குமரித் துறையில் மீன் உண்டு வடமலை நோக்கிச் செல்லும் அன்னத்தை அழைத்து, இடைவழியில் உறையூரில் தங்கித் தம் நண்பன் கோப்பெருஞ்சோழனைக் காணுமாறு வேண்டினார். சத்திமுற்றப் புலவர் வறுமையால் ஊர் விட்டு மதுரையில் குளிரில் வாடியபோது, வடக்கே செல்லும் நாரையிடம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். அந் நாரையின் காலும் அலகும் சிவந்தவை என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடு கட்டிக் குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வரும் வெண்ணாரைக்கு இவ்வடையாளங்கள் பொருந்துகின்றன.

இது தற்செயலாக அமைந்த திறமன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனத் திணைகளைப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில் ஆகியவற்றைத் தொல்காப்பியம் கருப்பொருள் என வகுத்தது. நிலத்தைவிட்டுப் பறவையைப் பாட இயலாது. பறவையை விட்டு மனிதனின் அன்பையும் பிரிவையும் பாட இயலாது. உயிர்கள் தம் சூழலோடு பிணைந்தே வாழ்கின்றன என்று இன்றைய உயிர்நூலார் கூறும் உண்மை, அன்றைய கவிதையின் இலக்கணமாகவே இருந்தது.

பறவை எங்கே செல்கிறது என்பதைப் புலவர் கண்டனர். அது எவ்வாறு வழி அறிகிறது என்னும் கேள்வியோ நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது. அதற்கு விடை தேடியவர்களுள் ஐரோப்பிய விஞ்ஞானிகள் சிலர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்கள் ஆராய்ந்தது ராபின் என்னும் செம்மார்புக் குருவி. அதன் எடை ஏறக்குறைய 20 கிராம். வட ஐரோப்பாவில் கோடையைக் கழிக்கும் ராபின்கள் இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கிப் புறப்படும். பயணம் இரவில், அதுவும் தனியாக. அவ்வாண்டில் பிறந்த இளம் பறவைக்கும் வழிகாட்டுவார் இல்லை.

ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் பிரிட்ரிக் மெர்க்கலும் அவர் மாணவர் வொல்ப்காங் வில்ச்கோவும் 1960-களில் ஒரு சோதனை செய்தனர். வலசைக் காலம் வந்தால் கூண்டிலுள்ள ராபினும் அமைதியின்றிச் செல்லவேண்டிய திசை நோக்கித் துள்ளும். விண்மீன்களை மறைத்தபோதும் அது திசை தவறவில்லை. கூண்டைச் சுற்றிக் கம்பிச்சுருள்களை அமைத்து, மின்சாரத்தால் காந்தப்புலத்தின் திசையை மாற்றினர். பறவையும் தன் திசையை மாற்றிக்கொண்டது. எனவே, பறவை பூமியின் காந்தத்தை உணர்கிறது என்பது தெளிவாயிற்று. 1972-ஆம் ஆண்டில் வொல்ப்காங்கும் அவர் மனைவி ரோஸ்விதாவும் மற்றொரு வியப்பைக் கண்டனர். மாலுமியின் காந்த ஊசி வடக்கையும் தெற்கையும் பிரித்துக் காட்டுவது. பறவையின் கருவியோ அவ்வாறு காட்டுவதில்லை. காந்தக் கோடுகள் நிலத்தை நோக்கிச் சாயும் கோணத்தையே அது அளக்கிறது. பிற்காலச் சோதனைகளில், நீல ஒளியிலும் பச்சை ஒளியிலும் திசை அறிந்த பறவை, செவ்வொளியில் தடுமாறியது. காந்தத்தை அறிய ஒளி எதற்கு? உயிர்நூல் இங்கே தயங்கி நின்றது.

அப்போது பௌதிகம் துணைக்கு வந்தது. கட்டிங்கன் நகரில் ஆராய்ச்சி செய்துவந்த கிளாஸ் ஷுல்ட்டன் 1978-ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். ஒளி பட்டதும் சில மூலக்கூறுகளில் ஓர் எலெக்ட்ரான் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும். அதனால் இணை பிரிந்த எலெக்ட்ரான்கள் இரண்டு ஏற்படும். ஒவ்வோர் எலெக்ட்ரானுக்கும் தற்சுழற்சி என்னும் பண்பு உண்டு. குவாண்டம் கொள்கையின்படி, இடத்தால் பிரிந்த பின்னும் அவ்விரண்டின் தற்சுழற்சிகளும் ஒன்றோடொன்று தொடர்புற்று, இருவேறு நிலைகளுக்கிடையே மாறி மாறி ஊசலாடும். பூமியின் காந்தம் அவ்வூசலைச் சிறிதளவு மாற்றும். அதனால் அங்கே விளையும் இரசாயனப் பொருளின் அளவும் மாறும். அம்மாற்றத்தைப் பறவை உணர்ந்து திசை அறியலாம் என்பதே அவர் கருத்து.

இதனை அறிஞர் பலர் ஏற்கவில்லை. காரணம் எளிது. எலெக்ட்ரானின்மீது பூமியின் காந்தம் செலுத்தும் ஆற்றல், உடலின் வெப்பத்தால் மூலக்கூறுகள் பெறும் ஆற்றலைவிடப் பத்து இலட்சம் மடங்குக்கும் மேல் சிறியது. பெருஞ்சந்தையின் இரைச்சலில் ஒருவர் முணுமுணுப்பது கேட்குமா? ஆயினும், சமநிலையில் நிற்கும் துலாக்கோலை ஓர் எள்மணியும் சாய்த்துவிடும் அன்றோ? ஒளி அந்த எலெக்ட்ரான் இணையைச் சிறிது நேரம் அத்தகைய நிலையில் நிறுத்துகிறது என்று ஷுல்ட்டன் விளக்கினார்.

துறையின் எல்லையைக் கடக்கும் இத்துணிவுக்கு ஒரு முன்னோடி உண்டு. குவாண்டம் கொள்கையை நிறுவியவர்களுள் ஒருவரும், 1933-இல் டிராக் என்பாருடன் நோபெல் பரிசு பெற்றவருமான எர்வின் ஷ்ரோடிங்கர், 1943-ஆம் ஆண்டில் டப்ளின் நகரில் உயிர் என்றால் என்ன என்பது பற்றிச் சொற்பொழிவாற்றினார். மறு ஆண்டில் அது நூலாக வெளிவந்தது. தம் துறையல்லாத ஒன்றைப்பற்றி எழுதுவதன் இடரை உணர்ந்து, முன்னுரையிலேயே அவர் அதனை அடக்கத்துடன் ஒப்புக்கொண்டார். எனினும், அந்நூல் இளைஞர் பலரை உயிராராய்ச்சியின்பால் ஈர்த்தது. 1953-இல் மரபுப் பொருளின் அமைப்பைக் கண்ட வாட்ஸனும் கிரிக்கும் அவர்களுள் அடங்குவர். ஷ்ரோடிங்கர் 1949-இல் தம் கவிதைகளையும் ஒரு தொகுதியாக வெளியிட்டார் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

ஷுல்ட்டனின் கருத்தும் மெல்ல வலுப்பெற்றது. 2000-ஆம் ஆண்டில் அவரும் தோழர்களும், கண்ணிலுள்ள கிரிப்டோகுரோம் என்னும் புரதமே அம் மூலக்கூறாக இருக்கலாம் என்றனர். 2021-ஆம் ஆண்டில் ஓல்டன்பர்க், ஆக்ஸ்போர்டு அறிஞர்கள், ராபினின் கிரிப்டோகுரோம்களுள் ஒன்று சோதனைக் குழாயில் காந்தத்தை உணர்வதைக் காட்டினர். வலசை செல்லாத கோழியின் புரதத்தைவிட அது கூர்மையாக உணர்ந்தது. ஆனால், உயிருள்ள பறவையின் கண்ணிலும் அவ்வாறே நிகழ்கிறது என்பதை நேரே மெய்ப்பித்தவர் இலர். எனவே, விஞ்ஞானிகள் இதனை முடிந்த முடிபு என்று கூறுவதில்லை.

இவ்வாராய்ச்சியால் உலகுக்கு என்ன பயன் என்று சிலர் வினவலாம். அதற்கு ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஒன்றே விடையாகும். அங்கே மரக்குடில்களில் வைத்த ராபின்கள் திசை அறியாமல் தடுமாறின. காரணம் புலப்படாமல் ஆராய்ச்சியாளர் திகைத்தனர். பின்னர்க் குடில்களை அலுமினியத் தகடுகளால் மூடி, அவற்றை நிலத்தோடு இணைத்தனர். உடனே பறவைகள் தம் திசையை அறிந்தன. அவ்விணைப்பை நீக்கியதும் மீண்டும் தடுமாறின. நகரின் மின்கருவிகளும் வானொலி ஒலிபரப்பும் பரப்பும் மெல்லிய அலைகளே பறவையின் திசைகாட்டியைக் கெடுத்தன என்பது பல ஆண்டுச் சோதனைக்குப் பின் 2014-இல் வெளியாயிற்று. நகருக்கு வெளியே தகடு இல்லாமலே பறவைகள் வழி அறிந்தன. கைப்பேசியின் அலைகள் இவ்வகையைச் சேர்ந்தவையல்ல. ஆதலின், பழியை ஆராயாது அதன்மேல் சுமத்துதல் முறையன்று. இவ்வளவு மெல்லிய அலை இத்தனை பெருந்தடை செய்வது எவ்வாறு என்பதற்குக் கொள்கையும் இன்னும் முழு விடை தரவில்லை. ஆயினும், மனிதன் காதால் கேளாத, கண்ணால் காணாத ஓர் இரைச்சலால் ஒரு பறவையின் வழியை மறைத்துவிட இயலும் என்பது உறுதியாயிற்று.

உயிர்நூலார் தனித்து நின்றிருந்தால், அலைகளை ஐயுறக் காரணம் குறைவாகவே இருந்திருக்கும். பௌதிகர் தனித்து நின்றிருந்தால், அவர் கணக்கு ஏட்டளவில் நின்றிருக்கும். இருவரும் கூடிப் பறவையின் திசைகாட்டியைக் காத்தாலும், வந்து இறங்க நீரும் நிலமும் இல்லையெனில் பயன் என்ன? தமிழகத்தின் கோடியக்கரை 1967-ஆம் ஆண்டில் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. நெடுந்தொலைவு கடந்து அங்கே வரும் பறவைகள் நம்பி வருவது அவ்வுப்பங்கழிகளைத்தான். கழி வறண்டால் வழி அறிந்தும் அவற்றுக்கு வாழ்வில்லை. பறவையையும் நிலத்தையும் பிரிக்காமல் நோக்கும் கண்ணைக் கவிதை தருகிறது.

தன் துறையில் ஆழ்ந்து கற்பது அறிவுடைமை. அயல் துறையாரிடம் அடக்கத்துடன் சென்று வினவுவதும் அறிவுடைமையே. 20 கிராம் எடையுள்ள குருவி ஒன்று இரவு வானில் தனியே பறந்து செல்கிறது. அதன் வழியை மறைக்காமல் இருக்க வேண்டுமானால், அதனை முழுவதும் அறிந்தாக வேண்டும். அதற்கு எந்த ஒரு துறையும் தனியே போதாது.