கண்மாயில் பறந்த விமானம்

உபாத்தியாயர் வேலையில் இருபது வருஷம் கழித்தவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதைக் கேட்டாலும் கரும்பலகையில் ஒரு படம் போட்டு விளக்கிவிடலாம். ஆகாய விமானம் எப்படிப் பறக்கிறது என்ற கேள்விக்கு நானும் வருஷந்தோறும் ஒரு படம் போடுவதுண்டு. இறக்கையின் குறுக்குவெட்டு, அதன் மேலும் கீழும் நாலு அம்புக்குறிகள். பிள்ளைகளும் அதை எழுதிக்கொண்டு பரீட்சையில் மார்க்கு வாங்கிவிடுவார்கள். நாற்பத்தாறாவது வயதில் அந்த அம்புக்குறிகளை விரல் நுனியில் உணர்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அதைக் கிடைக்கச் செய்தவன் பதினோராம் வகுப்பில் படித்த ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை.

எங்கள் பள்ளி ஸயன்ஸ் கழகத்துப் பிள்ளைகள் கைக்காசு சேர்த்து, ரேடியோவினால் இயங்கும் சிறு விமானம் ஒன்று வாங்கியிருந்தார்கள். அதைப் பறக்கவிடத் தெரிந்தவன் இவன் ஒருவனே. மதுரையில் பொறியியல் படிக்கும் உறவினரிடம் கற்றுக்கொண்டவன். ஏப்ரல் 15-ஆம் தேதி விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கியதும் என்னிடம் வந்தான்.

"தடை முடிந்ததும் அப்பா என்னைப் படகில் ஏற்றிக்கொள்ளப் போகிறார், ஸார். நான் போய்விட்டால் விமானம் அலமாரியில்தான் கிடக்கும். நீங்கள் கற்றுக்கொண்டுவிடுங்கள்" என்றான்.

தன் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விமானத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டான். தடைக்காலம் 61 நாள். அதற்குள் நான் தேற வேண்டும்.

நமது ஜில்லாவில் நினைத்த இடத்தில் விமானம் விட்டுவிட முடியாது. உச்சிப்புளியில் கடற்படையின் 'பருந்து' விமானதளம் 2009 முதல் இருக்கிறது. மனிதர் ஏறாமல் தரையிலிருந்தே ஓட்டப்படும் 'ஹெரான்' விமானங்களின் படைப்பிரிவு ஒன்றும் 2012-ல் அங்கே அமைக்கப்பட்டது. அதன் இறக்கை ஐம்பது அடிக்கு மேல் நீளம்; எங்களுடையது நாலடி. ஆயினும் வானம் ஒன்றுதானே! 2021-ல் வந்த டிரோன் விதிகள் தேசத்தின் ஆகாயத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று படத்தில் பிரித்து வைத்திருக்கின்றன. பச்சைப் பகுதியைத் தேடி மேற்கே வெகுதூரம் போய், எழுதிக் கொடுக்க வேண்டியவற்றையெல்லாம் எழுதிக் கொடுத்து, ஒரு வறண்ட கண்மாயைப் பிடித்தோம். சித்திரை மாதத்தில் நமது கண்மாய்கள் விமான நிலையங்களுக்குச் சற்றும் இளைத்தவையல்ல. நாலு புறமும் வெடித்த களிமண், கரையோரத்தில் சீமைக் கருவேல். தலையிட ஆடு மேய்ப்பவரைத் தவிர வேறு யாருமில்லை.

கைக்கருவிகள் இரண்டு, ஒன்று அவனிடம், மற்றொன்று என்னிடம். இரண்டும் இணைக்கப்பட்டிருந்தன. அவன் ஒரு விசையைத் தட்டினால் விமானம் என் ஆணைக்கு வரும். விட்டால் அவனிடம் போய்விடும். இடது கைக் கோல் யந்திரத்தின் வேகத்துக்கு; வலது கைக் கோல் ஏறவும் இறங்கவும் திரும்பவும். காற்றுக்கு எதிர்முகமாக நின்று அவன் அதை வீசியெறிந்தான். தேனீயைப் போல் ரீங்காரமிட்டுக்கொண்டு அது எழும்பிற்று.

"மூக்கை நிமிர்த்தினால் ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள், ஸார். வேகம் செத்துப்போகும், வேகம் செத்தால் விழுந்துவிடும். ஏற வேண்டுமானால் விசையைக் கூட்டுங்கள்."

கரும்பலகையில் நான் ஒரு மணி நேரம் சொல்லும் பாடம் இதுதான். அவன் சொன்னது மூன்று வாக்கியம்.

அது நம்மை விட்டு விலகிப் போகும்போது சங்கடமில்லை. வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போகும். ஆனால் திரும்பி நம்மை நோக்கி வரத் தொடங்கியதும் உலகமே தலைகீழாகிவிடுகிறது. அதன் வலது நமது இடது. 1937-ல் அமெரிக்காவில் குட் என்ற சகோதரர்கள் ரேடியோவினால் மாதிரி விமானத்தை ஓட்டிக்காட்டிய நாள் முதல், இந்த வித்தையைக் கற்க வந்தவர்களெல்லாம் திகைத்து நிற்கும் இடம் இதுவே. புத்தகங்கள் இதற்குப் பல யுக்திகள் சொல்லும். என் சிஷ்யன் சொன்ன யுக்தி எந்தப் புத்தகத்திலும் நான் காணாதது.

"தாத்தாவின் நாட்டுப்படகில் சுக்கான் பிடித்திருக்கிறேன், ஸார். கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். விமானம் எதிரே வரும்போது கையில் சுக்கான் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்."

நினைத்துக்கொண்டேன். வந்துவிட்டது! கண்மாயின் மேல் ஒரு முழு வட்டம் நானே சுற்றிவந்தேன். அன்று என் வீட்டுக்குப் போன உற்சாகத்தைப் பார்த்து, சம்பளம் உயர்ந்துவிட்டதோ என்று என் மனைவி சந்தேகித்தாள்.

ஒரு நாள் வெயில் ஏறியதும் பருந்து ஒன்று எங்கிருந்தோ வந்து எங்கள் விமானத்துடன் சேர்ந்து வட்டமிடத் தொடங்கியது. களிமண் சுட்டுக் கிளம்பும் அனல் காற்றில் அது இறக்கையை அசைக்கவேயில்லை. அப்துல் கலாம் அவர்கள் ராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவையைப் பலகையில் வரைந்து காட்டிவிட்டு, அது போதாதென்று வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டினாராம். கலாம் அதைப் பல இடங்களில் எழுதியிருக்கிறார். படம் போட்டதோடு அந்த ஐயர் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஸார், விமானத்தைப் பாருங்கள்!" என்று சிஷ்யன் கூவினான்.

வைகாசி கடைசியில், பையனைத் தேடிக்கொண்டு அவன் தகப்பனாரே கண்மாய்க்கு வந்துவிட்டார். கரைமேல் குந்தியபடி அரை மணி நேரம் பேசாமல் பார்த்தார். கருவி என் கையில் இருந்தது. மகன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, "கொஞ்சம் தணியுங்கள், ஸார், இப்போது திருப்புங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"கச்சான் எழும்பப் போகிறது. இறக்கிவிடுங்கள்" என்றார் அவர்.

எனக்கு ஓர் இலைகூட அசைந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் மேற்கு முகமாகத் திருப்பி, யந்திரத்தை நிறுத்தி, வயிற்றுப் பக்கமாகக் களிமண்ணில் மெல்லச் சறுக்கி நிறுத்தினேன். ஐந்து நிமிஷத்துக்குள் கருவேல மரங்களெல்லாம் கிழக்கே சாய்ந்துவிட்டன.

அவர் இறங்கி வந்து விமானத்தைத் தூக்கி, மீனை எடை பார்ப்பதுபோல் கையில் வைத்துப் பார்த்தார். வால் சுக்கானை விரலால் இப்படியும் அப்படியும் அசைத்தார். மகனை ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னிடம், பள்ளிக்கூடம் என்றைக்குத் திறக்கிறது என்று கேட்டார்.

சொன்னேன்.