கையும் கண்ணும்

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' 2013-ல் வீடியோ விளையாட்டாக வந்தது. முடிவில், எல்லி என்ற சிறுமியைக் காப்பாற்ற ஜோயல் ஒரு டாக்டரைக் கொல்கிறான். கொல்லாமல் கதை நகராது. வெகுநேரம் பொத்தானைத் தொடாமல் இருந்தேன், பிறகு அழுத்தினேன். 2023-ல் டெலிவிஷன் தொடரில் அதே கொலையைப் பார்த்தபோது துக்கம் இருந்தது. என் கைக்கு அதில் பங்கில்லை.

இதனால் தொடர் தாழ்ந்த வடிவம் என்றாகிவிடாது. விளையாட்டில் ஃப்ராங்க் தூக்கில் தொங்கும் பிணம், ஒரு கசப்பான கடிதம், அவ்வளவே. தொடரின் மூன்றாம் பகுதியில் அவனும் பில்லும் சேர்ந்து மூப்படைகிறார்கள். ஆடுகிறவனுக்கு அங்கே வேலையில்லை. அதனாலேயே வாழ்க்கை உள்ளே வர முடிந்தது என்று படுகிறது.

ஆனால் ஜோயல் டாக்டரைக் கொல்லாமல் திரும்பும் கதைக்குத் தொடரில் இடமில்லை. 2020-ல் வந்த இரண்டாம் விளையாட்டு அந்தக் கொலைக்குப் பழிவாங்குவதிலிருந்து பிறக்கிறது. 2025-ல் தொடரின் இரண்டாம் பருவமும் அதன் வழியே போயிற்று. ராமன் கதையின் முடிவும் நமக்குத் தெரிந்ததுதான். எனினும் அதை மாற்றிச் சொன்னவர்கள் எந்த உரிமையாளனிடமும் அனுமதி கேட்கவில்லை. இங்கே கதை ஒரு சொத்து. விளையாட்டை எழுதிய நீல் ட்ரக்மனே தொடரை உருவாக்கியவர்களில் ஒருவர். தான் முன்பு எழுதியதற்கு அவரும் கட்டுப்பட்டவராகிறார்.