‘நஸீபு’ என்று சொன்ன பிறகும் கேட்க வேண்டிய கேள்வி



விருதுநகர் மாவட்டத்தில் வாழும் நமக்கு விபத்துச் செய்தி புதிதன்று. சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை என ஏதேனும் ஓர் ஊரின் பெயர் செய்தியில் வந்தாலே, அங்கே வேலைக்குச் சென்றிருக்கும் உறவினரைத் தொலைபேசியில் அழைத்து நலம் கேட்பது நம் வீடுகளின் வழக்கமாகிவிட்டது. மறுநாள் நாளிதழில், மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வே காரணம் என்று ஒரு வரி இருக்கும். மையித்து வீட்டிற்கு ஆறுதல் சொல்ல வருவோர், “நஸீபு, அவ்வளவுதான்” என்பார்கள். பெரும்பாலும் இவ்விரண்டு வாக்கியங்களோடு பேச்சு முடிந்துவிடும்.

களா கத்ரை நம்புவது ஈமானின் அடிப்படைகளுள் ஒன்று. அதில் நமக்கு எந்த ஐயமும் இல்லை. ஆயினும் அந்த நம்பிக்கை, நடந்ததன் காரணத்தை ஆராய வேண்டாம் என்று நம்மைத் தடுக்கிறதா? என்னிடம் மக்தபில் ஓதிய ஒரு மாணவரின் வாயிலாக இக்கேள்வி என் முன் வந்தது.

அவர் இப்போது பொறியியல் படிக்கிறார். நண்பர்களுடன் சேர்ந்து, இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து சட்டம் அமைத்து, பழைய காரின் எஞ்சினைப் பொருத்தி, மாணவர் போட்டிக்காக ஒரு சிறிய பந்தயக் கார் கட்டினார். சோதனை ஓட்டத்தில் ஒரு வளைவில் ஸ்டீயரிங் திரும்பவில்லை. தடுப்பாக அடுக்கியிருந்த டயர்களில் வண்டி மோதியது. ஓட்டிய மாணவருக்குக் காறை எலும்பு முறிந்தது. தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் இருந்ததால் உயிருக்குத் தீங்கில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்த மூன்று வாரங்கள் நம் மாணவர் அந்த வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்த்தார். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டில் ஒரு போல்ட் கழன்றிருந்தது. அதைப் பிடித்திருந்தது உள்ளே நைலான் வளையம் கொண்ட நட்டு. அந்த நைலான்தான் போல்ட்டை இறுகப் பற்றி, அதிர்வில் கழலாமல் காக்கும். பலமுறை கழற்றி மாட்டினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் புதிய நட்டு போட வேண்டும். சில ரூபாய் விலையுள்ள பொருள்தான். இவர்கள் பழையதையே மாட்டியிருந்தார்கள். தம் அறிக்கையில் அவர், “கடைசியாக அதைப் பொருத்தியவன் நான்” என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

அவருடைய அத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் பட்டாசு ஆலை ஒன்றில் பல ஆண்டுகளாக மருந்து கலக்கும் பிரிவில் வேலை செய்பவர், தொழுகையைத் தவறவிடாதவர். ஒருநாள் அஸருக்குப் பின் என்னிடம் வந்தார். “ஹஜ்ரத், ‘இப்படிச் செய்திருந்தால்’ என்று சொல்லக் கூடாது, அது ஷைத்தானுக்கு வாசலைத் திறந்துவிடும் என்று நீங்கள்தானே பயான் செய்தீர்கள்? பையன் இரவும் பகலும் அதையேதான் பேசுகிறான். இது ஈமானுக்குப் பங்கம் இல்லையா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள அந்த ஹதீஸை முழுமையாக எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. ‘இப்படிச் செய்திருந்தால்’ என்று புலம்புவதைத் தடுப்பதற்கு முன்னரே, பயனளிப்பதில் ஆர்வம் கொள்ளும்படியும், அல்லாஹ்விடம் உதவி தேடும்படியும், இயலாதவராய் அமர்ந்துவிடக் கூடாது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிடுகிறார்கள். நடந்து முடிந்ததை எண்ணி நெஞ்சு புண்ணாகும் புலம்பல் வேறு. அடுத்த முறை இன்னொருவருக்கு அது நேராதிருக்கக் காரணத்தைத் தேடுவது வேறு. முன்னது தடுக்கப்பட்டது. பின்னது, பயனளிப்பதில் ஆர்வம் கொள்வதாகும்.

அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “என் தம்பி அந்த வெடிவிபத்தில் மவ்த்தானபோது, காரணம் என்ன என்று நான் கேட்கவே இல்லை, ஹஜ்ரத். கேட்டால் அவன்மேலேயே பழி வந்துவிடுமோ என்று பயந்தேன்.”

நம் பகுதியில் பலரது மௌனத்திற்கும் இந்த அச்சமே காரணம் என்று நான் கருதுகிறேன். கலவை செய்தவரே இறந்துபோகிறார். காரணத்தைத் தேடினால் கபுரில் இருப்பவரைக் குற்றவாளி ஆக்குவதுபோல் தோன்றுகிறது. அதனால் அன்புள்ளவர்களே முதலில் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

அவருக்கு உஹதுப் போரை நினைவூட்டினேன். குன்றைக் காத்து நின்ற வில்லாளிகளில் பெரும்பாலோர், வெற்றி கிடைத்துவிட்டது என்று எண்ணி இடத்தை விட்டு இறங்கினார்கள். எதிரிகள் பின்புறமாக வந்து தாக்கினார்கள். எழுபது ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். இது எங்கிருந்து வந்தது என்று முஸ்லிம்கள் வியந்தபோது, ஆல இம்ரான் அத்தியாயத்தின் 165ஆம் வசனம், அது உங்களிடமிருந்தே வந்தது என்ற கருத்தைச் சொல்கிறது. அதை அடுத்த 166ஆம் வசனம், அது அல்லாஹ்வின் அனுமதியோடு நிகழ்ந்தது என்கிறது. காரணமும் கத்ரும் இங்கே அருகருகே நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை மறுக்கவில்லை. அதே அத்தியாயத்தின் 159ஆம் வசனத்தில், அவர்களை மன்னிக்கவும் அவர்களோடு ஆலோசனை கலக்கவும் நபியவர்கள் பணிக்கப்படுகிறார்கள். தவறு இன்னது என்று கூறப்பட்டது, தவறியவர்கள் ஒதுக்கப்படவில்லை. காரணத்தைச் சொல்வதும் மனிதரைப் பழிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கார்ப் பந்தய உலகம் இப்பாடத்தைத் தன் வழியில் கற்றிருக்கிறது. 2025 ஜனவரி 7 அன்று, துபாய் 24 மணி நேரப் பந்தயத்திற்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற காணொளியை நம் பிள்ளைகளில் பார்க்காதவர்கள் குறைவு. அவர் காயமின்றி இறங்கி நடந்தார். பிரேக் செயலிழந்ததே காரணம் என்று அவர் தரப்பில் பின்னர் கூறப்பட்டது. பிள்ளைகள் அதை வீரமாகப் பார்த்தார்கள். எனக்கு அதன் பிறகு நடந்ததே பெரிதாகத் தோன்றியது. அணியின் உரிமையாளரே அவர்தாம். ஆயினும் அப்பந்தயத்தில் தம் அணியின் அந்தக் காரை ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்டு, வேறு பிரிவில் வேறொரு காரை ஓட்டினார். அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. விபத்து நடந்த நான்காம் நாள் முடிவை மாற்றிக்கொள்ளும் பணிவு, வேகத்தைவிட அரிது.

2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரோமன் குரோஷான் என்ற ஃபார்முலா ஒன் ஓட்டுநரின் கார் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து தீப்பற்றியது. ஏறத்தாழ அரை நிமிடம் நெருப்புக்குள் இருந்தவர் உயிரோடு வெளியே வந்தார். அவர் தலையைக் காத்தது, ‘ஹேலோ’ எனப்படும் உலோக வளையம். முந்தைய ஆண்டுகளில் நேர்ந்த விபத்துகளையும் மரணங்களையும் ஆராய்ந்து, 2018இல்தான் அது கட்டாயமாக்கப்பட்டது. தொடக்கத்தில் அதை எதிர்த்தவர்களுள் குரோஷானும் ஒருவர். முன்னர் இறந்தோரைப் பற்றி எவரோ சலிக்காமல் கேள்வி கேட்டதால், பின்னர் வந்த ஒருவர் பிழைத்தார்.

பட்டாசு ஆலைகளின் விதிகளையும் இவ்வாறே பாருங்கள். பருத்தி உடை ஏன்? செயற்கை இழைத் துணி உரசும்போது மின்னூட்டம் சேர்ந்து பொறி உண்டாகலாம். இரும்புக் கருவி ஏன் கூடாது? அதுவும் பொறி கக்கும். அறைக்கு நால்வருக்கு மேல் ஏன் கூடாது? ஓர் அறை வெடித்தால் இழப்பு அத்தோடு நிற்பதற்காக. கலந்த மருந்தை மீதம் வைத்து ஏன் விட்டுச் செல்லக் கூடாது? ஈரம் பட்டால் அலுமினியத்தூள் கலவை தானாகவே சூடேறக்கூடும். ‘உராய்வு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால், எதனோடு எது உரசியது, அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு மருந்து இருந்தது என்ற கேள்விகள் அப்படியே புதைந்துபோகும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முதல் வெடிப்புக்குப் பின் உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிச் சென்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். தீப்பிடித்த பட்டாசு ஆலையை நோக்கி ஓடக் கூடாது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

அன்பார்ந்த பெற்றோர்களே! ஆலைக்குச் செல்பவர் வீட்டில் இருந்தால், இன்றிரவு உணவின்போது அவரிடம் கேளுங்கள்: உங்கள் அறையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? மீதமான மருந்தை என்ன செய்கிறீர்கள்? பிள்ளை பைக்கில் விழுந்து வந்தால் அடிப்பதற்கு முன், பிரேக் பிடித்ததா, டயர் எப்படி இருந்தது என்று கேளுங்கள். மையித்து வீட்டில் மூன்று நாள் கேட்க வேண்டாம். துஆ மட்டும் செய்யுங்கள். அதன் பிறகு, உண்மையை அறிந்தவர் எவரும் பழிக்கு அஞ்சாமல் பேசும்படி அவருக்குத் துணை நில்லுங்கள்.

அந்த மாணவர் இப்போது ஒவ்வொரு நட்டையும் புதிதாகப் போட்டு, நட்டின் மீதும் போல்ட்டின் மீதும் சேர்த்து வண்ணத்தில் ஒரு கோடு இழுக்கிறார். நட்டு சிறிது அசைந்தாலும் கோடு விலகிக் காட்டிவிடும். இருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வண்டி கிளம்புகிறது. பிஸ்மில்லாஹ்வும் சொல்கிறார்கள். அவருடைய அத்தா தம்பியைப் பற்றி இன்னும் எவரிடமும் கேட்கவில்லை. ஆனால் தம் அறையில் ஐந்தாவது ஆளை உட்கார வைத்தபோது, தாம் எழுந்து வெளியே நின்றுவிட்டதாகச் சொன்னார். அன்றைய கூலியில் ஒரு பகுதி போயிற்று. அல்லாஹ் அவருக்கு அதைவிடச் சிறந்ததைத் தருவானாக. நம் மாவட்டத்தின் எல்லா அத்தாக்களையும் மாலையில் வீடு சேர்ப்பானாக. ஆமீன்.